அம்மம்மாவின் யப்பான்காரன் காலம்

என் அம்மம்மா இன்றைக்கும் யப்பானிய எழுத்துகளைத் தடக்குப்படாமல் சொல்லுவார். ஆ, இ, ஊ, ஏ, ஓ. பிறகு கா, கி, கூ, கே, கோ. காலைக் குளிசை போட்டாரா என்று கேட்டால் கொஞ்சம் யோசிப்பார். எட்டு ஒன்பது வயதில், பிரம்போடு நின்ற ஒரு வாத்தியார் படிப்பித்த எழுத்து மட்டும் வரிசை பிசகாமல் வரும். வயது தொண்ணூறைத் தாண்டிவிட்டது.

சிட்னியில் அவரைத் தெரிந்தவர்களுக்கு அவர் யாழ்ப்பாணத்தில் இருந்து வந்த ஒரு வயதான அம்மா. மேஸ் ஹில் முருகன் கோயிலில் பக்கத்தில் இருப்பவர்கள் பேச்சுக் கொடுத்தால் 83 கலவரத்தைப் பற்றிக் கேட்பார்கள், 87இல் இந்திய இராணுவம் நின்ற காலத்தைக் கேட்பார்கள், 95 இடப்பெயர்வைக் கேட்பார்கள். எங்களுக்குப் போர் என்றால் அவைதானே. அவரோ, "அது என்ர இரண்டாவது சண்டை, பிள்ளை" என்பார். கேட்பவர்கள் பகிடி என்று நினைத்துச் சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள். முதலாவது சண்டை எது என்று திருப்பிக் கேட்டவர்கள் மிகக் குறைவு. நானும் நெடுங்காலம் கேட்காமல்தான் இருந்தேன். கேட்கத் தொடங்கிய பிறகு கிடைத்தவற்றில் ஒரு பகுதியை இங்கே எழுதுகிறேன்.

அம்மம்மா பிறந்தது மலாயாவில், 1933இல். அங்கே பிரித்தானியர் ரயில் ஓடவைத்த காலத்திலிருந்து, ஆங்கிலம் படித்த யாழ்ப்பாணத்து இளைஞர்கள் கிளாக்கராகவும் ஸ்டேசன் மாஸ்டராகவும் கப்பலேறிக்கொண்டே இருந்தார்கள். உழைத்துக் களைத்து ஊருக்குத் திரும்பிக் கல்வீடு கட்டியவர்களை யாழ்ப்பாணம் 'மலாயாப் பென்சனியர்' என்று அழைத்தது. அந்தப் பென்சன் காசில் படித்தவர்கள், காணி வாங்கியவர்கள், சீதனம் கொடுத்தவர்கள் எங்கள் ஊர்களில் எத்தனையோ பேர். கோலாலம்பூரில் பிரிக்பீல்ட்ஸ், செந்தூல் பக்கம் ரயில்வேக் குடியிருப்புகளில் எங்கள் ஆட்கள் நிறைந்திருந்தார்கள். அம்மம்மாவின் ஐயா கோலாலம்பூருக்குத் தெற்கே காஜாங் ஸ்டேசனில் கிளாக்கர். ஸ்டேசனை ஒட்டி குவாட்டர்ஸ், பின்னால் ஒரு கிணறு, அதற்கு அப்பால் ரப்பர்த் தோட்டம்.

1941 டிசம்பர் 8ஆம் திகதி யப்பானியர் கோத்தா பாருவில் இறங்கினார்கள். 1942 ஜனவரி 11ஆம் திகதி கோலாலம்பூர் அவர்கள் கையில். ஐந்து வாரம் முழுதாக ஆகவில்லை. பெப்ரவரி 15இல் சிங்கப்பூரும் விழுந்தது. பிரித்தானியரை அசைக்க முடியாது என்று நம்பிக் கப்பலேறிய ஒரு சமூகத்துக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். அம்மம்மாவுக்கு அரசியல் நினைவில்லை. சத்தம்தான் நினைவு. யப்பான் சிப்பாய்கள் வந்தது சைக்கிளில். டயர் கிழிந்துபோக, வெறும் றிம்மிலேயே தார் ரோட்டில் ஓட்டி வந்தார்கள். "கறகற எண்டு ஒரு சத்தம். டாங்கிதான் வருகுதெண்டு ஐயா எங்களைக் கட்டிலுக்குக் கீழ தள்ளினவர். எட்டிப் பாத்தால் சைக்கிள்!" என்பார். இதே சத்தத்தை மலாயாவில் சண்டையிட்ட போர்வீரர்களும் பதிவுசெய்திருக்கிறார்கள். எட்டு வயதுப் பிள்ளையின் காது பிழை விடவில்லை.

அதற்குப் பிறகு எல்லாமே மாறியது. முதலில் நேரம். மலாயாவின் மணிக்கூடுகளைத் தோக்கியோ நேரத்துக்கு ஒன்றரை மணி முன்னே தள்ளிவைத்தார்கள். விடியும்போது மணி எட்டு ஆகியிருக்கும். இருட்டோடு எழும்பி இருட்டோடு பள்ளிக்கூடம் போனதாக அம்மம்மா சொல்கிறார். ஆண்டையும் மாற்றினார்கள்; 1942 என்பது 2602 ஆயிற்று. சிங்கப்பூருக்குச் சியோனான் என்று பெயர். பள்ளியில் சக்கரவர்த்தி இருக்கும் திசையைப் பார்த்துக் குனிந்து வணங்கவேண்டும், யப்பானியப் பாட்டுப் பாடவேண்டும், கையைக் காலை நீட்டி உடற்பயிற்சி செய்யவேண்டும். ரோட்டில் சென்றிக்குச் சிப்பாய் நின்றால் குனியாமல் கடந்தவர்களுக்குக் கன்னத்தில் அறை விழும். அம்மம்மாவின் ஐயாவுக்கும் விழுந்தது. பிள்ளைகளுக்கு முன்னால் விழுந்தது. அதைச் சொல்லும்போது மட்டும் அம்மம்மா பேச்சை மாற்றிவிடுவார். நானும் விட்டுவிடுவேன்.

சீனரின் நிலைமை இதைவிட எத்தனையோ மடங்கு மோசம். முகமூடி போட்ட காட்டிக்கொடுப்பவன் தலையை ஆட்டினால் முடிந்தது. இதைக் கேட்டதும் எனக்கு நெஞ்சு திக்கென்றது. யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் தலையாட்டிகளுக்கு முன்னால் வரிசையில் நின்றவர்கள் எங்கள் வீடுகளிலேயே இருக்கிறார்கள். அம்மம்மா அதை ஏற்கெனவே ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் ஊருக்கு வந்திருக்கிறார்.

சாப்பாட்டுக்கு வருவோம், ஏனென்றால் அம்மம்மா எங்கே தொடங்கினாலும் அங்கேதான் வந்து நிற்பார். பர்மாவில் இருந்து வந்த அரிசி நின்றுபோனது. பங்கீட்டு அரிசியில் சுண்ணாம்பு மணக்கும். அதுவும் வரவரக் குறைந்தது. வீட்டைச் சுற்றி ஒரு பிடி மண் விடாமல் மரவள்ளி நட்டார்கள். ஊபிக் கிழங்கு என்று மலாயாவில் சொல்வார்கள். அவித்த கிழங்கு, கிழங்கு மாவில் ரொட்டி, கிழங்கு மாவில் கஞ்சி, மரவள்ளி இலையில் சுண்டல். சவர்க்காரம் இல்லை, தேங்காயெண்ணெயும் சாம்பலும் சேர்த்துக் காய்ச்சினார்கள். துணி இல்லாமல் தோட்டத்துப் பெண்கள் கோணிச் சாக்கை உடுத்தினார்கள். இன்றைக்கு வென்ட்வர்த்வில் கடைகளில் உறைய வைத்த மரவள்ளிக்கிழங்கு பொதியாகக் கிடக்கிறது. என் பிள்ளைகளுக்கு அது விருப்பம். அம்மம்மா அதில் கை வைக்கவே மாட்டார்.

காசு இன்னொரு கதை. யப்பான்காரன் அடித்த பத்து வெள்ளி நோட்டில் வாழைமரப் படம். சனங்கள் அதை வாழைமர நோட்டு என்றார்கள். அளவில்லாமல் அடித்துத் தள்ளியதால் கடைசியில் ஒரு கோழிக்கு ஒரு கட்டு நோட்டுக் கொடுக்கவேண்டி வந்தது. 1945இல் யப்பான் சரணடைந்து பிரித்தானியர் திரும்பி வந்ததும் அந்த நோட்டுச் செல்லாது என்று சொல்லிவிட்டார்கள். மூன்றரை வருடச் சம்பளம் ஒரு றங்குப் பெட்டியில் கடதாசியாகக் கிடந்தது. பிள்ளைகள் அதை வைத்துக் கடை விளையாடினார்கள்.

இடையில் ஒரு விடயம். அந்த வருடங்களில் யாழ்ப்பாணத்துக்கும் மலாயாவுக்கும் இடையில் கடிதமே இல்லை. ஊரில் இருந்தவர்களும் போருக்குள்தான் இருந்தார்கள். 1942 ஏப்ரல் 5ஆம் திகதி, ஈஸ்டர் ஞாயிறு, கொழும்பில் யப்பான் குண்டு விழுந்தது. ஏப்ரல் 9ஆம் திகதி திருகோணமலையில் விழுந்தது. அதே நாளில் மட்டக்களப்புக் கடலில் பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் ஹேர்மிஸ் மூழ்கியபோது, அதற்குத் துணையாகப் போன வம்பயர் என்ற கப்பலும் மூழ்கியது. வம்பயர் அவுஸ்திரேலியக் கடற்படையின் நாசகாரிக் கப்பல். எங்கள் கிழக்குக் கடலின் அடியில் இந்த நாட்டுக் கப்பல் ஒன்று கிடக்கிறது என்பது இங்குள்ள நம்மில் பலருக்குத் தெரியாது.

இனி நான் எழுத நினைத்த பகுதி.

1942 நடுப்பகுதியில் யப்பானியர் சயாமையும் (இன்றைய தாய்லாந்து) பர்மாவையும் இணைத்து 415 கிலோமீற்றர் ரயில் பாதை போடத் தொடங்கினார்கள். 1943 அக்டோபரில் முடித்தார்கள். காடு, மலை, மழை, கொலரா. வேலைக்குப் போர்க்கைதிகள் அறுபதாயிரத்துக்கும் மேல். போதவில்லை. ஆகவே மலாயா, பர்மா, யாவா என்று எங்கும் ஆள் பிடித்தார்கள். மலாயாவில் இருந்து மட்டும் 75,000 பேருக்கு மேல். அவர்களில் பெரும்பகுதி ரப்பர்த் தோட்டத்துத் தமிழர்கள். முதலில் ஆசை காட்டினார்கள்: மூன்று மாத வேலை, நாளுக்கு ஒரு வெள்ளி, சாப்பாடு இலவசம். ரப்பருக்குச் சந்தை இல்லாமல் தோட்டங்கள் மூடிக்கிடந்த நேரம் அது. பசியில் கிடந்தவர்கள் நம்பினார்கள். போனவர்கள் திரும்பவில்லை என்று தெரிந்ததும் மற்றவர்கள் மறுத்தார்கள். அதற்குப் பிறகு வலுக்கட்டாயம். இலவசப் படம் காட்டுகிறோம் என்று கூப்பிட்டுக் கதவைப் பூட்டி லொறியில் ஏற்றிய சம்பவங்கள் பதிவாகியிருக்கின்றன. குடும்பமாகப் போனவர்களும் உண்டு, கைப்பிள்ளைகளோடு.

தெற்குப் பக்கத்துத் தோட்டங்களில் அவர்களை ஏற்றிய வண்டிகள் காஜாங் வழியாகத்தான் வடக்கே போயின. ஒற்றைப் பாதை என்பதால் எதிரே வரும் வண்டிக்கு வழிவிடச் சிலது அங்கே நிற்கும். சாமான் ஏற்றும் மூடு வண்டிகள். இரும்புச் சுவர் வெயிலில் கொதிக்கும். கதவு ஒரு சாண் திறந்திருக்கும்.

"பிளாற்போமுக்கு வரக்கூடாதெண்டு ஐயா சொன்னவர்தான். அம்மா கேக்கேல்லை. வாளியில கிணத்துத் தண்ணி அள்ளிக்கொண்டு போவா. நானும் ஒரு செம்போட பின்னால போவன். உள்ளுக்க இருந்து 'தாயி, தண்ணி, தாயி' எண்டு கேப்பினம். கைதான் தெரியும். முகம் தெரியாது. சில நாள் சிப்பாய் விடுவான். சில நாள் வாளியைக் காலால தட்டிப்போடுவான்."

1943 ஏப்ரல் வாக்கில் வேறு வண்டிகளும் வந்தன. அவற்றில் வெள்ளைக்காரர். சிங்கப்பூரில் கைதாகியிருந்த 7,000 பேரை, அவர்களில் பாதிக்கு மேல் அவுஸ்திரேலியர், பதின்மூன்று ரயில்களில் அந்த மாதம் வடக்கே அனுப்பியதாக வரலாறு சொல்கிறது. பெட்டிக்கு முப்பது பேர்வரை, நாலைந்து நாள் பயணம். அம்மம்மாவின் அம்மா அவர்களுக்கும் தண்ணீர் கொண்டுபோனார். "அவையும் கையைத்தான் நீட்டினவை" என்கிறார் அம்மம்மா.

இங்கே போரில் இறந்த படையினரை நினைவுகூரும் அன்சாக் நாள் என்றால் ஏப்ரல் 25. மார்ட்டின் பிளேசில் விடியற்காலையில் கூட்டம் கூடும். தொலைக்காட்சியில் சயாமின் ஹெல்பயர் பாஸ் கணவாயில் நடக்கும் அஞ்சலியையும் காட்டுவார்கள். அந்தப் பாதையில் ஏறத்தாழ 13,000 அவுஸ்திரேலியர் வேலை செய்தார்கள், ஏறத்தாழ 2,800 பேர் இறந்தார்கள். அம்மம்மா விடாமல் பார்ப்பார். கோயிலுக்கு உடுத்துவதுபோல நல்ல சேலை உடுத்திக்கொண்டு இருந்து பார்ப்பார். ஒருமுறை காஞ்சனாபுரிக் கல்லறைத் தோட்டத்தைக் காட்டினார்கள். ஏறத்தாழ 7,000 கல்லறைகள், வரிசை வரிசையாக, பெரும்பாலானவற்றில் பெயர், வயது, படைப்பிரிவு. அம்மம்மா கேட்டார்: "எங்கட சனத்தின்ரை எங்க?"

எனக்குப் பதில் தெரியவில்லை. தேடினேன். அந்தப் பாதையில் வேலை செய்த ஆசியத் தொழிலாளர்கள் இரண்டு இலட்சத்துக்கும் அதிகம் என்பார்கள் சிலர், சற்றுக் குறைவு என்பார்கள் சிலர். இறந்தவர்கள் 90,000 வரை இருக்கலாம் என்பது ஒரு மதிப்பீடு. இந்த எண்களின் தடுமாற்றத்தைக் கவனியுங்கள். அவுஸ்திரேலியரின் சாவு ஒவ்வொன்றாக எண்ணப்பட்டது. எங்கள் ஆட்களின் சாவு ஆயிரம் ஆயிரமாக ஊகிக்கப்படுகிறது.

ஏன் அப்படி? அன்பு கூடியவர்கள், குறைந்தவர்கள் என்ற பேச்சே இதில் இல்லை. இராணுவத்துக்குப் பெயர்ப் பட்டியல் இருந்தது. கைதிகளாக இருந்த அதிகாரிகள் யார் எங்கே புதைக்கப்பட்டார் என்று இரகசியமாகக் குறித்து வைத்தார்கள். அந்தக் குறிப்புகளை வைத்துக்கொண்டு, யுத்தம் முடிந்த அடுத்த மாதமே ஒரு குழு பாதை நெடுகப் போய்க் கல்லறைகளைத் தேடியது. கான்பராப் போர் நினைவகத்தின் சுவரில் இன்று ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் இருக்கின்றன. தோட்டத்துத் தமிழருக்கும் பட்டியல் இல்லாமல் இல்லை. காலைப் பெரட்டில் பெயர் கூப்பிட்டுச் செக்ரோலில் அடையாளம் போட்டுத்தான் அவர்களிடம் வேலை வாங்கினார்கள். சயாமுக்கு ஏற்றியபோதும் யாரோ ஒரு கிராணி (தோட்டத்துக் கிளாக்கர்) பெயர்களை எழுதித்தான் கொடுத்திருப்பார். வேலை வாங்க எழுதிய பெயரை, செத்த பிறகு தேடிப் பார்க்க எவரும் வரவில்லை.

இதில் எங்கள் பக்கத்தையும் சொல்லவேண்டும். அந்தக் கிராணிமார் பலர் யாழ்ப்பாணத்தவர், மலையாளிகள். குவாட்டர்சில் இருந்தவர்களுக்குத் 'தோட்டத்துச் சனம்' என்றால் வேறு ஆட்கள். ஒரே மொழி, ஒரே சாமி, இடையில் ஒரு வேலி. வாளித் தண்ணீரோடு போன அம்மம்மாவின் அம்மாவைப் பக்கத்துக் குவாட்டர்ஸ்காரர்கள் கண்டித்தார்களாம். யப்பானியரின் கொடுமையை நாங்கள் எவ்வளவும் பேசலாம். அந்த வேலியைப் பற்றிப் பேசாமல் விட்டதால்தான் சயாம் ரயிலின் கதை மலாயாப் பென்சனியர் வீடுகளில் இறங்கிவரவில்லை என்று நான் நம்புகிறேன். அதைக் காப்பாற்றியவர்கள் மலேசியத் தோட்டத்துக் குடும்பங்களும் மலேசிய எழுத்தாளர்களும். ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' நாவலை யாரும் வாசிக்காமல் விடவேண்டாம். காஞ்சனாபுரியில் தமிழருக்கென்று ஒரு நடுகல் எழும்ப 2024 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

மெல்பேணில் தம்பி வீட்டுக்குப் போனபோது, போர் நினைவாலயத்துக்கு அருகே இருக்கும் வியரி டன்லப் சிலையைப் பார்க்க அம்மம்மாவைக் கூட்டிப் போனோம். ரயில் பாதையில் கைதிகளின் உயிரைக் காத்த அறுவைச்சிகிச்சை மருத்துவர் அவர். "இந்த டொக்டர் எங்கட ஆக்களுக்கும் மருந்து குடுத்தவரோ?" என்று கேட்டார். டன்லப் பார்த்தது கைதிகளின் முகாம்களை. ஆனால் 1943இல் தொழிலாளர் முகாம்களில் கொலரா பரவியபோது, கே ஃபோர்ஸ், எல் ஃபோர்ஸ் என்ற பெயரில் கைதிகளிலிருந்து மருத்துவக் குழுக்களை யப்பானியர் அங்கே அனுப்பினார்கள். அவற்றில் அவுஸ்திரேலியரும் இருந்தார்கள். மருந்தில்லாத அந்தக் குடிசைகளில், தமிழ் பேசும் நோயாளிகளுக்கு நடுவே அவர்களும் நின்றார்கள். சொன்னேன். அம்மம்மா சிலையைப் பார்த்துக் கும்பிட்டார்.

போர் முடிந்து குடும்பம் கப்பலில் ஊருக்கு வந்தது. அம்மம்மா வளர்ந்தார், கலியாணம் செய்தார், என் அம்மாவைப் பெற்றார். எண்பதுகளில் யாழ்ப்பாணத்தில் குண்டு விழத் தொடங்கியபோது, எங்கள் வளவில் பங்கர் எங்கே வெட்டவேண்டும் என்று சொன்னது அவர்தான். 1945இல் நேச நாட்டு விமானங்கள் கோலாலம்பூர் ரயில்வேப் பட்டறைகளைக் குண்டு போட்டுத் தகர்த்த நேரத்தில் குவாட்டர்ஸ் பிள்ளைகள் பதுங்கிய குழி, அவர் மனதில் அளவோடு இருந்தது: நேராக வெட்டாதே, மூலை வைத்து வெட்டு, கிணற்றுக்குக் கிட்ட வேண்டாம். தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை வந்து சவர்க்காரமும் மண்ணெண்ணெயும் இல்லாமல் போனபோதும் அவருக்குப் பதற்றம் இல்லை. வளவில் மரவள்ளி நட்டார். தான் சாப்பிடாத கிழங்கை எங்களுக்கு அவித்துத் தந்தார். சிறுவயதில் கற்ற பாடம் அவருக்கு இரண்டாவது தடவை தேவைப்பட்டது. அதை நினைத்தால் எனக்குப் பெருமை வருவதில்லை, கோபம்தான் வருகிறது. ஒரு மனுசிக்கு ஒரு தடவையே அதிகம்.

அம்மம்மாவுக்கு அந்த வண்டிகளில் போனவர்களில் ஒருவரின் பெயர் மட்டும் தெரியும். குவாட்டர்சுக்குப் பால் கொண்டுவந்த தோட்டத்து மனிதர். அவர் பெயர், மனைவி பெயர், தோட்டத்தின் பெயர் மூன்றையும் சொல்கிறார். தெற்கே ஒரு கொங்சியில் (தொழிலாளர் குடியிருப்பில்) ஆள் பிடித்தபோது அகப்பட்டவர் என்கிறார். அவருக்குப் பிள்ளைகள் இருந்திருந்தால் முதலில் அவர்களுக்குத்தான் சொல்லவேண்டும் என்பதால் நான் இங்கே எழுதவில்லை. அம்மம்மாவின் குரலில் பதிவுசெய்து வைத்திருக்கிறேன். மலேசியாவில் விசாரித்துக்கொண்டும் இருக்கிறேன்.

இதை வாசிக்கும் உங்களிடம் ஒரு கோரிக்கை. யப்பான்காரன் காலத்தில் பிள்ளைகளாக இருந்தவர்களில் மிக இளையவருக்கே இன்று எண்பது ஆகியிருக்கும். ஹோம்புஷ், பென்டில் ஹில், டான்டினோங், கிளென் வேவர்லி என்று நம் வீடுகளின் பின்னறைகளில் அவர்கள் இருக்கிறார்கள். மலாயாவில் பிறந்த பாட்டி, அப்பம்மா, தாத்தா யாராவது இருந்தால் கைத்தொலைபேசியில் பதிவை அழுத்தி மேசையில் வையுங்கள். எந்த ஊர், எந்தத் தோட்டம், ஐயாவுக்கு என்ன வேலை, யார் சயாமுக்குப் போனார், யார் திரும்பி வந்தார் என்று கேளுங்கள். இடையில் திருத்தாதீர்கள். பெயர் வந்தால் இரண்டு தடவை சொல்லச் சொல்லுங்கள். பதிவின் தலைப்பில் திகதியும் ஊரும் எழுதுங்கள். வைத்துக் காக்க இடம் வேண்டுமானால் நூலகம் நிறுவனத்தின் ஆவணகம் இருக்கிறது. வாய்மொழி வரலாறுகளை அங்கே சேர்க்கிறார்கள். வருகிற சனிக்கிழமைக்குத் தள்ளிப்போட வேண்டாம், இன்று பின்னேரமே கேளுங்கள்.